மூன்றாம் குவார்ட்டரில் தொலையும் டைம்அவுட்

அமெரிக்கக் கால்பந்து, மூன்றாம் குவார்ட்டர். அடுத்த முயற்சியைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 2 நொடிதான் மிச்சம், ஆட்டக்காரர்கள் இன்னும் சரியாக வரிசையில் நிற்கவில்லை. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரெஃப்ரியைப் பார்த்து இரண்டு கையையும் ‘டி’ மாதிரி வைத்துக் காட்டுகிறார். டைம்அவுட், அதாவது கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளை. கெடு தாண்டினால் விழும் 5 யார்டு அபராதம் தப்பியது என்று வர்ணனையாளர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கிரிக்கெட்டில் ரிவ்யூவையெல்லாம் ஆரம்பத்திலேயே தொலைத்துவிட்டுக் கடைசி ஓவரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கேப்டனை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான் இங்கேயும்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரு பாதிக்கு ஒரு அணிக்கு மூன்று டைம்அவுட். முதல் பாதியில் மிச்சம் வைத்தது இரண்டாம் பாதிக்கு வராது. இந்த மூன்றும் ஒரே விலை கொண்டவை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஒரு டைம்அவுட் ஏறக்குறைய 40 நொடியை மிச்சப்படுத்தும். பந்து நம்மிடம் இருக்கும்போது அதே டைம்அவுட் 15, மிஞ்சினால் 20 நொடி. மூன்றாம் குவார்ட்டரில் எடுத்தால் நொடிக்கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை, வெறும் 5 யார்டுதான்.

ஏன் 40? ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததும் பிளே கிளாக் 40 நொடியில் தொடங்கும். முன்னிலையில் இருக்கும் அணி அதைக் கடைசி நொடி வரை இழுத்துவிட்டுத்தான் ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) எடுக்கும். ஓட்டக்காரர் மைதானத்துக்குள்ளேயே விழுந்திருந்தால் அந்த 40 நொடியும் ஆட்ட நேரத்தைக் காட்டும் கேம் கிளாக்கிலிருந்து கரைந்துபோகும். அதைத் தடுக்க எதிரே நிற்கும் டிஃபென்ஸுக்கு இருக்கும் ஒரே நேர்வழி டைம்அவுட்.

பந்து வைத்திருக்கும் ஆஃபென்ஸிடம் வேறு வழிகள் இருக்கின்றன. பாஸ் பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். எல்லைக்கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் தரையில் அடிக்கிற ஸ்பைக்கும் உண்டு, அதற்கு ஒரு டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) செலவாகும். எதுவும் இல்லாவிட்டாலும் வேகமாக ஓடிவந்து வரிசையில் நின்று அடுத்த பிளேயைத் தொடங்கிவிடலாம். அதற்கு ஆகிற நேரம்தான் மேலே சொன்ன 15, 20 நொடி.

எல்லைக்கோடு பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் வருடக்கணக்கில் பார்க்கிறவர்களே இதில் குழம்புகிறார்கள். வெளியே போனால் கடிகாரம் நின்றே கிடக்கும், அடுத்த ஸ்னாப்பில்தான் ஓடும் என்பது முதல் பாதியின் கடைசி 2 நிமிடத்துக்கும் இரண்டாம் பாதியின் கடைசி 5 நிமிடத்துக்கும் மட்டும்தான். மற்ற நேரங்களில் பந்தைத் திரும்ப வைத்து ரெஃப்ரி கை காட்டியதுமே ஓடத் தொடங்கிவிடும். இன்னொன்று: கோட்டருகே பந்தைப் பிடித்தவரை டிஃபென்ஸ் பின்னால் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுபோனால் கடிகாரம் நிற்காது. முன்னேற்றம் மைதானத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று அதிகாரி கையைச் சுழற்றுவார். டிவியில் அந்தக் கையைப் பாருங்கள், ரிசீவரின் காலைப் பார்த்துப் பயனில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நான்காம் குவார்ட்டர், 2:30 மிச்சம். எதிரணி 4 புள்ளி முன்னிலை, பந்தும் அவர்களிடம், முதல் டவுன். மூன்று முறை பந்தைக் கையில் கொடுத்து ஓடி, முடியாமல் பன்ட் அடிக்கிறார்கள் (பந்தை உதைத்து எதிரணிக்கே விட்டுவிடுவது) என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓட்டத்துக்கு 6 நொடி, பன்ட்டுக்கு 10 நொடி.

உங்களிடம் டைம்அவுட் எதுவும் இல்லை. முதல் ஓட்டம் 2:24-இல் முடிகிறது, கடிகாரம் ஓடி 2:00-இல் டூ மினிட் வார்னிங் என்ற கட்டாய இடைவேளைக்காக நிற்கிறது. இரண்டாவது ஓட்டம் 1:54. நாற்பது நொடி போய் 1:14. மூன்றாவது ஓட்டம் 1:08. இன்னொரு நாற்பது போய் 0:28. பன்ட் முடிந்து பந்து உங்கள் கைக்கு வரும்போது 18 நொடி.

ஒரே ஒரு டைம்அவுட் இருந்தால்? 2:24-இல் எடுக்கிறீர்கள். இரண்டாவது ஓட்டம் 2:18, அதிலிருந்து வார்னிங் வரை ஓடுகிறது. மூன்றாவது 1:54, நாற்பது நொடி போய் 1:14, பன்ட், பந்து உங்களுக்கு 1:04-இல். அதாவது ஒரு டைம்அவுட்டால் 46 நொடி கிடைத்திருக்கிறது. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச் டவுனுக்கு 18 நொடி எங்கே, 64 நொடி எங்கே!

இரண்டு இருந்தால் 2:24, 2:18 இரண்டிலும் நிறுத்துகிறீர்கள். மூன்றாவது ஓட்டம் 2:12, வார்னிங் 2:00, பன்ட் முடிந்து 1:50. இன்னொரு 46 நொடி.

மூன்றாவதையும் 2:12-இல் எடுத்தால் பந்து 2:02-இல் வருகிறது. கிடைத்தது 12 நொடி மட்டும், ஏனென்றால் 2:00-இல் கடிகாரம் எப்படியும் நிற்கத்தான் போகிறது. வார்னிங் உங்கள் பக்கம் மிச்சமிருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம், நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு அந்த மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு 1:50-இல் ஆட்டத்தைத் தொடங்குவதற்கே. டைம்அவுட் கையில் இருந்தால் மைதானத்தின் நடுவிலும் பாஸ் போடலாம். இல்லையென்றால் டிஃபென்ஸ் இரண்டு எல்லைக்கோடுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்படியென்றால் வார்னிங்குக்கு முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா? மேலே உள்ள ஒரு டைம்அவுட் கணக்கையே வார்னிங்குக்குப் பிறகு எடுப்பதாகப் போட்டுப் பாருங்கள்: 2:24, 2:00, 1:54-இல் டைம்அவுட், மூன்றாவது ஓட்டம் 1:48, பிறகு 1:08, பன்ட் முடிந்து 0:58. ஆறு நொடி நஷ்டம். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் முன்னால் எடுப்பதே லாபம்.

இதன் மறுபக்கத்தையும் முன்னிலை அணியின் கோச் பார்க்க வேண்டும். 2:06-இல் ஸ்னாப் எடுக்கப் போகிறார் என்றால், ஓடினாலும் பாஸ் போட்டாலும் அந்த பிளே முடியும்போது வார்னிங் வந்துவிடும். பாஸ் தவறினால் கடிகாரம் நின்றுவிடுமே என்ற பயம் அந்த ஒரு பிளேயில் அர்த்தமற்றது. 10 யார்டு கடந்து புதிய முதல் டவுன் எடுக்கத் துணிந்து பாஸ் போட வேண்டிய இடம் அதுதான். அங்கே போய் நடுவில் முட்டி 1 யார்டு ஓடிவிட்டு வருகிற அணிகளைப் பார்க்கும்போது சலிப்பாக இருக்கிறது.

இப்போது ஆஃபென்ஸ் பக்கம். 40-க்கு 15 என்று சொன்னேனே, அது நேரம் ஓரளவு மிச்சமிருக்கும்போது. கடைசி 20 நொடிக்குள் வந்துவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். 2022 ஜனவரி 23, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் பஃபலோ பில்ஸுக்கும் நடந்த பிளேஆஃப். பில்ஸ் 36-33 முன்னிலை, 13 நொடி மிச்சம். கிக்ஆஃப் டச்பேக் ஆனது (கடைசிக் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனுக்குப் போய், யாரும் எடுத்து ஓடாமல் முடிந்தது), அதனால் ஒரு நொடிகூடக் குறையவில்லை. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸிடம் மூன்று டைம்அவுட்டும் இருந்தன. டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு, டைம்அவுட், 8 நொடி. டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு, டைம்அவுட், 3 நொடி. கிக்கர் பட்கர் 49 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி), ஆட்டம் சமன். ஓவர்டைமில் சீஃப்ஸ் 42-36.

எல்லோரும் பில்ஸ் டிஃபென்ஸ் பின்வாங்கி நின்றதைத் திட்டுகிறார்கள். நான் முதலில் திட்டுவது அந்த கிக்கை. எண்ட் ஸோனுக்குப் போகாமல் தரையோடு உருட்டியிருந்தால் யாராவது அதை எடுத்து ஓட வேண்டியிருக்கும், 4 அல்லது 5 நொடி போயிருக்கும். 8 நொடியில் தொடங்கியிருந்தால் ஒரு பாஸ், ஒரு டைம்அவுட், உடனே கிக் என்றாகியிருக்கும். முதல் பாஸ் போய்ச் சேர்ந்தது சீஃப்ஸின் சொந்த 44 யார்டு கோடு வரைதான். அங்கிருந்து ஃபீல்ட் கோல் என்பது நடக்காத காரியம்.

ஃபீல்ட் கோல் தூரக் கணக்கு தெரியாதவர்களுக்கு: பந்து நிற்கும் யார்டு கோட்டோடு 17 அல்லது 18 கூட்டுங்கள். எண்ட் ஸோன் 10 யார்டு, பந்தைப் பிடித்து வைப்பவர் 7, 8 யார்டு பின்னால் மண்டியிடுகிறார். எதிரணியின் 31-இலிருந்து 49 வந்தது அப்படித்தான்.

டைம்அவுட் இல்லாமல் அதே நிலைமை எப்படி இருக்கும்? ஒரு வாரம் முன்னால், ஜனவரி 16 அன்று டல்லாஸ் கவ்பாய்ஸ் காட்டினார்கள். 49ஏர்ஸ் 23-17 முன்னிலை, 14 நொடி மிச்சம், டல்லாஸிடம் டைம்அவுட் இல்லை. குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் 17 யார்டு ஓடிச் சறுக்கி விழுந்தார். எழுந்து, பந்தை ஸ்னாப் கொடுக்கும் தன் சென்டரிடம் கொடுத்து வரிசையில் நின்றார். அங்கேதான் தவறு. பந்தை வைக்க வேண்டியது அதிகாரி. அவர் பின்னாலிருந்து ஓடிவந்து, ஆட்டக்காரர்களை விலக்கி உள்ளே நுழைந்து, பந்தைத் தொட்டு வைத்த பிறகுதான் ஸ்னாப் செல்லும். ஸ்பைக் அடிப்பதற்குள் கடிகாரம் பூஜ்யம். அந்த ஓட்டம் 10 யார்டோடு நின்றிருந்தால் ஒரு பிளே கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஓடியவர் செய்திருக்க வேண்டியது பந்தை நேராக அதிகாரியின் கையில் கொடுப்பது, அவ்வளவுதான்.

கடைசி 2 நிமிடத்தில் இன்னொரு பொறி 10 நொடி கழிப்பு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஃபென்ஸ் செய்யும் சில தவறுகள் கடிகாரத்தை நிறுத்திவிடும்: ஸ்னாப்புக்கு முன் அசைவது, ஆள் இல்லாத இடத்தில் வேண்டுமென்றே பந்தை எறிவது போன்றவை. தவறு செய்து இலவசமாகக் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக யார்டு அபராதத்தோடு 10 நொடியும் வெட்டுவார்கள். தப்பிக்க ஒரே வழி டைம்அவுட் கொடுப்பது. ரீப்ளேயில் முடிவு மாறி, சரியான முடிவின்படி கடிகாரம் ஓடியிருக்க வேண்டும் என்றாலும் இதே வெட்டு உண்டு. 2017 செப்டம்பர் 24, டெட்ராய்ட் லயன்ஸ்–அட்லாண்டா ஃபால்கன்ஸ். 8 நொடி மிச்சம் இருக்கையில் கோல்டன் டேட்டுக்கு டச் டவுன் என்று கை தூக்கினார்கள். ரீப்ளேயில் அவர் கோட்டுக்கு முன்பே தொடப்பட்டு முழங்கால் தரையில் பட்டது தெரிந்தது. லயன்ஸிடம் டைம்அவுட் இல்லை. 8-இல் 10 போனால்? ஆட்டம் முடிந்தது, 30-26 ஃபால்கன்ஸ். கையில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் கோட்டருகிலிருந்து இன்னொரு முயற்சி.

வைத்திருந்தும் எடுக்காதது வேறு வகைக் கொடுமை. 2024 நன்றி நவிலல் நாள் ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அதே டெட்ராய்டிடம் 23-20 பின்தங்கி இருந்தது, கையில் ஒரு டைம்அவுட். அரை நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில் பேர்ஸ் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் சாக் ஆனார், அதாவது பாஸ் போடும் முன்பே பின்னால் வீழ்த்தப்பட்டார். கடிகாரம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த ஸ்னாப் 6 நொடியில். நீளமாக எறிந்தார், பிடிபடவில்லை, டைம்அவுட் அப்படியே மிச்சம். மறுநாளே கோச் மேட் எபர்ஃப்ளஸின் வேலை போனது. பந்து லயன்ஸின் 41-இல் இருந்தது, அங்கிருந்தே அடித்தால் 58, 59 யார்டு. 30 நொடியும் டைம்அவுட்டும் இருந்தால் நடுவில் ஒரு 12 யார்டு பாஸ், கிக்கர் வர நேரம், 47 யார்டு முயற்சி. இதற்கு மேதைமை எதுவும் தேவையில்லை. சாக் ஆனதும் கையைத் தூக்க ஒருவர் போதும்.

ஒரே ஒரு டைம்அவுட் எவ்வளவு தூரம் பிளே தேர்வையே மாற்றும் என்பதற்கு 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பௌலைவிடச் சிறந்த பாடம் இல்லை. பேட்ரியாட்ஸ் 28-24 முன்னிலை. சீஹாக்ஸ் 1 யார்டு கோட்டில், இரண்டாவது டவுன், 26 நொடி, ஒரு டைம்அவுட். ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சிடம் கொடுக்காமல் பாஸ் போட்டார்கள், பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் பறித்தார், முடிந்தது. வரலாற்றிலேயே முட்டாள்தனமான முடிவு என்று இன்றுவரை பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று டவுன் மிச்சம், மூன்றையும் பயன்படுத்த வேண்டும். இரண்டாவதில் ஓடித் தோற்றால் 21 நொடி, டைம்அவுட் போய்விடும். மூன்றாவதிலும் ஓடித் தோற்றால் 16 நொடி, கடிகாரம் ஓடுகிறது, குவிந்து கிடக்கும் ஆட்களில் மேலே கிடக்கிற டிஃபென்ஸ்காரர் அவசரமே இல்லாமல் எழுந்திருப்பார். நான்காவது டவுன் கிடைப்பதே சந்தேகம். ஆகவே மூன்றில் ஒன்று பாஸாக இருந்தே ஆக வேண்டும். இரண்டாவதில் பாஸ் தவறினால் கடிகாரம் தானாக நிற்கும், டைம்அவுட் பத்திரம், பிறகு லிஞ்சை இரண்டு முறை ஓடவிடலாம். பாஸ் என்ற முடிவு சரி. நெரிசலுக்கு நடுவே அந்தக் குறுக்கு வெட்டுப் பாஸைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு. மூலையில் உயரமாகப் போட்டிருந்தால் பிடிபடாவிட்டாலும் பறிபோயிருக்காது.

அதே ஆட்டத்தில் பேட்ரியாட்ஸ் கோச் பெலிச்சிக் டைம்அவுட் எடுக்காமல் கடிகாரத்தை ஓடவிட்டதும் விவாதத்துக்கு உரியது. கையில் இரண்டு இருந்தும், ஒரு நிமிடத்திலிருந்து 26 நொடிக்குப் போகவிட்டார். சீஹாக்ஸ் டச் டவுன் அடித்திருந்தால் பதிலடிக்கு நேரமே இருந்திருக்காது. பலித்ததால் மேதை என்கிறோம். என் கணக்கில் அது தப்பான பந்தயம்.

டைம்அவுட் தீர்ந்தால் டிஃபென்ஸ் என்ன செய்யும்? சில சமயம் விலகி நின்று, “போய் அடித்துக்கொள்” என்று விட்டுவிடும். 2012 சூப்பர் பௌலில் ஜயண்ட்ஸ் 17-15 பின்தங்கியிருந்தது, பந்து 6 யார்டு கோட்டில், பேட்ரியாட்ஸிடம் ஒரே டைம்அவுட். ஜயண்ட்ஸின் அகமத் பிராட்ஷா ஓடினார், யாருமே தடுக்கவில்லை. கோட்டருகே வந்ததும் நிற்கப் பார்த்தார், முடியாமல் பின்பக்கமாக எண்ட் ஸோனுக்குள் விழுந்தார். 57 நொடி மிச்சத்தோடு பந்து பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் பிரேடிக்குப் போனது. உள்ளே விழாமல் இருந்திருந்தால் அந்த டைம்அவுட்டையும் தீர்க்க வைத்து, சுமார் 15 நொடி இருக்கும்போது எளிதான ஃபீல்ட் கோலால் முன்னிலை எடுத்திருக்கலாம். ஜயண்ட்ஸ் 21-17 என்று தப்பித்தது. 2020-இல் ஃபால்கன்ஸ் ஓட்டக்காரர் டாட் கர்லி தப்பவில்லை. ஃபால்கன்ஸ் 16-14 பின்தங்கியிருந்தது, லயன்ஸிடம் டைம்அவுட்டே இல்லை. கோட்டுக்கு முன் விழ முயன்று, பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. 1:04 மிச்சம். லயன்ஸ் அந்த நேரத்தில் மைதானம் முழுக்கக் கடந்து 23-22 என்று வென்றது. பயிற்சியில் சொல்லித் தருவது 2, 3 யார்டு முன்பே உட்கார்ந்துவிடு என்றுதான். முழு வேகத்தில் ஓடிவந்தவரால் அரை யார்டில் நிற்க முடியாது.

மூன்றாம் குவார்ட்டர் 5 யார்டுக்கு வருவோம். முதல் டவுனில் 10 யார்டு தேவை 15 ஆவது தாங்கக்கூடியது. விட்டுவிடலாம். எதிரணியின் கோட்டருகே மூன்றாவது டவுனில் 2 யார்டு தேவைப்படும்போது 7 ஆவது வேறு விஷயம். அங்கே டைம்அவுட் எடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பந்து வைத்த இடத்தைப் பற்றிச் சவால் விட்டுத் தோற்று ஒன்றை இழப்பவர்களை மட்டும் மன்னிக்க முடியாது. அரை யார்டுக்காக விடும் சவால்கள் அபூர்வமாகத்தான் பலிக்கின்றன.

கடைசியாக, முட்டி போடும் கணக்கு, அதாவது பந்தை வாங்கியதும் முழங்காலைத் தரையில் வைத்துக் கடிகாரத்தை ஓடவிடுவது. முன்னிலை அணியிடம் பந்து, முதல் டவுன். எதிரணியிடம் டைம்அவுட் இல்லையென்றால் 2:00 அல்லது அதற்குக் கீழ் போதும், குவார்ட்டர்பேக் மூன்று முறை முட்டி போட்டாலே ஆட்டம் முடிந்தது. ஒன்று இருந்தால் 1:20, இரண்டு இருந்தால் 0:40. மூன்றும் இருந்தால் முட்டி போட்டு முடிக்கவே முடியாது, ஒரு முதல் டவுனாவது எடுத்தாக வேண்டும். முட்டி போடும்போது 10 யார்டுக்கு மேல் பின்னால் தனியாக ஒருவர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பந்து நழுவி யாராவது பறித்து ஓடினால் பிடிப்பதற்கு. 1978 நவம்பர் 19 அன்று ஜயண்ட்ஸ் 17-12 முன்னிலை, அரை நிமிடம்தான் மிச்சம், ஈகிள்ஸிடம் டைம்அவுட் இல்லை. முட்டி போடாமல் பந்தைக் கைமாற்றப் போய் ஜயண்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் நழுவவிட, ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் எடுத்து 26 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார், 19-17. பின்னால் ஆள் நிறுத்தும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.